ச, ம: ஒரு நாணயத்தின் ஓசை

உத்திரமேரூர் சுற்றுவட்டாரத்தில் இன்று முப்பத்தைந்து, நாற்பது வயதில் இருக்கிற யாரிடமாவது “மரியோ காசு எடுத்தால் என்ன சத்தம் வரும்?” என்று கேட்டுப் பாருங்கள். யோசிக்காமல் வாயாலேயே செய்துகாட்டுவார்கள். தொண்ணூறுகளில் டிவி கேம் எல்லா வீட்டிலும் இருந்ததில்லை. தெருவில் ஒரு வீட்டில் இருக்கும். அந்த வீட்டு வாசலில் செருப்புகள் குவிந்து கிடக்கும். லிட்டில் மாஸ்டர், மீடியா என்று பெட்டிகளுக்குப் பல பெயர்கள். ‘9999 இன் 1’ என்று அச்சடித்த கேசட்டைச் செருகினால், உள்ளே ஒரே விளையாட்டு நூறு பெயர்களில் வரும். அந்த ஏமாற்று கூட மறந்துபோயிருக்கும். காசு எடுக்கும் சத்தமும், குதிக்கும் சத்தமும், செங்கல் உடையும் சத்தமும் மறக்கவில்லை.

இந்தச் சத்தங்களை யாரும் பதிவு செய்து வைக்கவில்லை. எங்கோ ஒரு ஸ்டூடியோவில் நாணயத்தைத் தரையில் போட்டு மைக் பிடித்த கதையெல்லாம் கிடையாது. ஒரு சில்லுக்குச் சில எண்களைக் கொடுத்தார்கள், அது ஒலித்தது. எண்கள் தெரிந்தால் நாமும் அதே ஒலியைச் செய்யலாம். அதற்கு ஒரு பழைய லேப்டாப் போதும். அரசு கொடுத்த விலையில்லா லேப்டாப் இன்னும் உயிரோடு இருந்தால் அதுவும் போதும்.

அந்த டிவி கேம்களுக்கெல்லாம் மூலப் பெட்டி, 1983-ல் ஜப்பானில் நிண்டெண்டோ வெளியிட்ட ஃபேமிகாம். அதன் மூளையாக இருந்த ரிக்கோ நிறுவனச் சில்லிலேயே ஒலிப் பகுதியும் அடங்கியிருந்தது. அதில் ஐந்து குரல்கள். இரண்டு குரல்கள் சதுர அலை, ஒன்று முக்கோண அலை, ஒன்று வெறும் இரைச்சல். ஐந்தாவது, மிகச் சிறிய ஒலித்துண்டுகளை ஒலிக்கவிடும். சதுர அலைக்கும் இரைச்சலுக்கும் ஒலியளவு 16 படிகள்தான். முக்கோண அலைக்கு அதுவும் இல்லை; ஒலிக்கும், அல்லது ஒலிக்காது.

சதுர அலை என்றால் என்ன? ஸ்பீக்கரின் காகிதக் கூம்பை முன்னால் தள்ளு, சற்று நேரம் அங்கேயே வை, பின்னால் இழு, அங்கேயே வை. இவ்வளவுதான். கணினிக்கு இதைவிட எளிய வேலை இல்லை: ஒன்று, பூஜ்யம், ஒன்று, பூஜ்யம். எளிமையாகப் பிறந்தாலும் காதில் அது எளிமையாக விழுவதில்லை. 500 ஹெர்ட்ஸ் சதுர அலைக்குள் 1500, 2500, 3500 ஹெர்ட்ஸ் என்று ஒற்றைப்படை மேற்சுரங்கள் அடுக்கடுக்காக ஒளிந்திருக்கின்றன. மூன்றாவதன் வலு மூன்றில் ஒரு பங்கு, ஐந்தாவதன் வலு ஐந்தில் ஒரு பங்கு. அந்தக் கூட்டம்தான் கிறீச்சிடும் குணத்தைத் தருகிறது. முக்கோண அலையிலும் இதே ஒற்றைப்படைக் கூட்டம் உண்டு. ஆனால் மூன்றாவது ஒன்பதில் ஒரு பங்காகவும், ஐந்தாவது இருபத்தைந்தில் ஒரு பங்காகவும் ஒடுங்கிவிடும். விளையாட்டுகளில் கீழ்ச்சுரப் பின்னணிக்குப் பெரும்பாலும் முக்கோணத்தையே வைத்தார்கள்.

இப்போது நாணயம். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளைத் திறந்துகொள்ளுங்கள். ‘ஜெனரேட்’ மெனுவில் ‘டோன்’. அலைவடிவம் சதுரம், அதிர்வெண் 988, வீச்சு 0.2, நேரம் 0.08 விநாடி. பிறகு ‘எண்ட்’ பொத்தானைத் தட்டி முனைக்கு வாருங்கள். தட்டாவிட்டால் அடுத்த ஒலி முதல் ஒலியை அழித்துவிட்டு அதன் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். மறுபடி ‘டோன்’, இந்த முறை 1319 ஹெர்ட்ஸ், 0.8 விநாடி. இரண்டாவது துண்டை மட்டும் தேர்ந்தெடுத்து ‘ஃபேட் அவுட்’ கொடுங்கள். ஒலிக்கவிடுங்கள். பக்கத்து அறையில் இருப்பவர் எட்டிப் பார்ப்பார்.

988-க்கும் 1319-க்கும் உள்ள உறவு ஏறக்குறைய 3-க்கு 4. முதல் ஒலியை ஷட்ஜம் என்று வைத்தால் இரண்டாவது சுத்த மத்யமம். மேற்கத்திய முறையில் இதை நான்காம் இடைவெளி என்பார்கள். ‘சூப்பர் மரியோ பிரதர்ஸ்’ 1985-ல் வந்தது. இசை கோஜி கொண்டோ. ஒரு ச, ஒரு ம, அதில் ஒன்று கண்ணிமைப்பதற்குள் முடிந்துவிடும். அதை வைத்துக்கொண்டு உலகத்துக்கே ‘காசு கிடைத்தது’ என்று சொல்லிவிட்டார்கள்.

இங்கே ஒரு சின்ன சோதனை. அதே இரண்டு சுரங்களைச் சதுர அலைக்குப் பதிலாக, மேற்சுரங்களே இல்லாத சைன் அலையில் செய்து பாருங்கள். குரல் மழுங்கியிருக்கும், ஆனாலும் காசுதான். அடுத்து, சதுர அலையை அப்படியே வைத்துக்கொண்டு வரிசையை மட்டும் மாற்றுங்கள்: முதலில் 1319 சிறியதாக, பிறகு 988 நீளமாக. காசு போய்விடும். எதையோ இழந்த மாதிரி இருக்கும். அலைவடிவம் ஒலியின் நிறத்தைத்தான் தீர்மானிக்கிறது. நடந்தது என்ன என்பதைக் காது கண்டுபிடிப்பது, சுரம் எந்தப் பக்கம் நகர்கிறது, ஒலி எப்படித் தேய்கிறது என்பதை வைத்துத்தான். அந்தக் காலத்துப் பொறியாளர்களிடம் நிறம் குறைவாக இருந்தது. அசைவு கையில் இருந்தது. அதை வைத்தே பிழைத்தார்கள்.

குதிக்கும் சத்தம் இதற்கு நல்ல சாட்சி. ஆடாசிட்டியில் ‘டோன்’ பக்கத்திலேயே ‘சிர்ப்’ இருக்கிறது. சதுர அலை, 250-ல் தொடங்கி 700-ல் முடியட்டும், கால் விநாடி. குதித்தாயிற்று. 1800-லிருந்து 200-க்குச் சறுக்கினால் விண்கப்பல் சுடுகிறது. உண்மையில் குதிப்பதற்கு ஒலியே கிடையாது, விண்வெளியில் துப்பாக்கிச் சத்தமும் கேட்காது. ஆனாலும் ஏறும் சுரம் உடம்பு எழும்புவதாகவும், இறங்கும் சுரம் ஏதோ விலகிப் பாய்வதாகவும் நமக்குத் தோன்றிவிடுகிறது.

சில்லுக்குள் இந்தச் சறுக்கல் வழவழவென்று இருக்காது. விநாடிக்கு 17,89,773 முறை துடிக்கும் கடிகாரத்தை 16-ஆல் வகுத்து, அதை ஒரு முழு எண்ணால் மறுபடி வகுத்துத்தான் சுரம் கிடைக்கும். 113-ஆல் வகுத்தால் 990 ஹெர்ட்ஸ், 114-ஆல் வகுத்தால் 981. நடுவில் ஒன்றும் கிடையாது. டிவி கேமில் நாம் கேட்ட 988 உண்மையில் 988 அல்ல. மேலே போகப் போக இந்தப் படிகள் அகலமாகும். அந்தப் படிக்கட்டுச் சத்தம்தான் பழைய விளையாட்டுகளின் மணம் என்பது என் கட்சி.

இவற்றுக்கெல்லாம் முன்னாலேயே, 1972-ல் அட்டாரியின் ‘பாங்’. அதில் செயலியே இல்லை. ஆலன் ஆல்கார்ன் அதை உருவாக்கிக்கொண்டிருந்தபோது, பார்வையாளர் ஆரவாரம் வேண்டும் என்று முதலாளிகள் கேட்டார்கள். பாகங்களுக்கு இடமில்லை. டிவி திரையில் கோடுகளை எண்ணுவதற்கென்று ஏற்கெனவே ஒரு சுற்று ஓடிக்கொண்டிருந்தது. அதிலிருந்தே ஒயரை இழுத்து ஸ்பீக்கரில் கொடுத்துவிட்டார். விநாடிக்குச் சுமார் 15,734 கோடுகள். 32 கோடுகளுக்கு ஒரு துடிப்பு என்றால் ஏறக்குறைய 490 ஹெர்ட்ஸ், 64-க்கு ஒன்று என்றால் அதில் பாதி. படத்தை வரைகிற மின்சாரமே பந்தின் சத்தமாகவும் ஆனது.

1978-ல் தோமோஹிரோ நிஷிகாடோவின் ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ நான்கு கனத்த கீழ்ச்சுரங்களை வைத்து மிரட்டியது. 55 வேற்றுக்கிரகவாசிகள், ஒரு ஃபிரேமுக்கு (திரையில் வரும் ஒரு படத்துக்கு) ஒருவரைத்தான் நகர்த்த முடியும். விநாடிக்கு 60 ஃபிரேம் என்றால் எல்லோரும் ஓரடி வைக்க ஏறக்குறைய ஒரு விநாடி. சுடச் சுட ஆள் குறையும், நடை தானாகவே வேகமெடுக்கும், கூடவே அந்த நான்கு சுரங்களும் முடுக்கப்படும். இயந்திரத்தின் இயலாமை பதற்றமாக மாறியது.

இரைச்சலுக்கு வருவோம். செங்கல் உடைவது, குண்டு வெடிப்பது எல்லாம் இதில்தான். இரைச்சல் என்றால் ஒழுங்கே இல்லாத ஒன்று-பூஜ்ய வரிசை. ஒழுங்கைத் தவிர வேறொன்றும் தெரியாத சில்லு இதை எங்கிருந்து கொண்டுவரும்?

உத்திரமேரூர்க்காரர்களுக்கு இந்தச் சிக்கல் ஆயிரம் ஆண்டுப் பழக்கம். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்து (919, 921) கல்வெட்டுகள் சொல்வது அதைத்தானே: ஊர்ச் சபைக்கு ஆள் தேர்ந்தெடுக்க முப்பது குடும்புகள் (வார்டுகள்), ஓலையில் பெயர்கள், குடத்தில் போட்டுக் குலுக்கி, விவரம் அறியாத சிறுவனைக் கொண்டு எடுக்கச் சொல்வது. யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாத தேர்வு வேண்டும் என்பதற்காகத்தான் அந்தச் சிறுவன். சில்லுக்குள் சிறுவன் இல்லை. அங்கே நடப்பது, பார்வைக்குக் குலுக்கல் போலத் தெரியும் ஒரு கணக்கு.

அதைத் தாளிலேயே செய்து பார்க்கலாம். 0001 என்று எழுதுங்கள். கடைசி இரண்டு இலக்கங்கள் வேறுவேறாக இருந்தால் முன்னால் 1 சேருங்கள், ஒன்றாக இருந்தால் 0; கடைசி இலக்கத்தை வெளியே எடுத்துவிடுங்கள். 0001, 1000, 0100, 0010, 1001, 1100 என்று போகும். வெளியே விழும் இலக்கங்கள்: 1 0 0 0 1 0 0 1 1 0 1 0 1 1 1. பதினைந்து அடிகளுக்குப் பிறகு மறுபடி 0001. ஃபேமிகாம் சில்லு இதே விதியை 15 இலக்கங்களில் செய்கிறது; திரும்ப 32,767 அடிகள் ஆகும். காது அவ்வளவு நீளத்தை நினைவில் வைத்துக்கொள்ளாது, ‘சர்ர்’ என்ற இரைச்சலாகவே கேட்கும். சுற்றைச் சுருக்கி 93 அடியிலேயே திரும்பவிடும் ஒரு வசதியும் உண்டு. அப்போது இரைச்சலுக்குள் சுரம் முளைத்து, தகரத்தைத் தட்டியது போல் ஆகிவிடும்.

ஆடாசிட்டியில் ‘நாய்ஸ்’, வகை வெள்ளை, 0.6 விநாடி, பிறகு ‘ஃபேட் அவுட்’. செங்கல் உடைந்தது. வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் அதுவே தூரத்து வெடி.

இப்படி மூன்று சதுரமும் ஓர் இரைச்சலும் கொண்ட சில்லு நம் பள்ளிகளுக்குள் அரசாங்கமாகவே ஒருமுறை வந்திருக்கிறது. 1984-ல் மத்திய அரசு தொடங்கிய ‘கிளாஸ்’ என்ற கணினிக் கல்வித் திட்டத்தில் நாடெங்கும் சுமார் 250 பள்ளிகளுக்குப் பிபிசி மைக்ரோ கணினிகள் கொடுக்கப்பட்டன. அதன் பேசிக் மொழியில் ‘சவுண்ட் 1, -15, 53, 20’ என்று ஒரு வரி அடித்தால் ஒரு விநாடிக்குச் சுரம் ஒலிக்கும். முதல் எண்ணை 0 ஆக்கினால் இரைச்சல். ஒலியியல் பாடத்துக்கு அதைவிடச் சுருக்கமான செய்முறை எனக்குத் தெரியவில்லை. இன்று அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் லேப் இருக்கிறது. இயற்பியலில் அலைகள் பாடம் நடக்கும் வாரத்தில் அங்கே ஒரு பீரியட் ஒதுக்கி ஆடாசிட்டியைத் திறந்தால் போதும்.

கடைசியாக, நம்மூர்க் காதுகளுக்கே உரிய ஒரு விஷயம். இங்கே ஓடியவற்றில் பெரும்பாலானவை ஜப்பானியப் பெட்டிகள் அல்ல, நகல்கள். இந்திய டிவி ‘பால்’ (PAL) முறை, விநாடிக்கு 50 படம். ஜப்பானிலும் அமெரிக்காவிலும் 60. ‘பால்’ முறைக்கென்று செய்த நகல்களில் கடிகாரம் விநாடிக்கு ஏறக்குறைய 17,73,000 துடிப்பு. சுரம் நூற்றில் ஒரு பங்குதான் இறங்கும், யாருக்கும் தெரியாது. ஆனால் இசையை ஃபிரேமுக்கு ஒரு முறை நகர்த்துவதால், வேகம் ஆறில் ஐந்தாகக் குறைந்துவிடும். நம் மரியோ சற்று நிதானமானவர்.

இன்னொன்றும் உண்டு. சதுர அலையில் ‘ஒன்று’ எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதற்கு 12.5, 25, 50, 75 சதவீதம் என நான்கு தேர்வுகள். 50 என்றால் முழுக்குரல், 25 என்றால் சற்று மெலிந்தது, 12.5 என்றால் மூக்கால் பேசுவது. 75 என்பது தலைகீழாகப் பிடித்த 25. காதுக்கு வித்தியாசமே தெரியாது. பல நகல் சில்லுகளில் 25-ம் 50-ம் இடம் மாறிப்போயின. ஜப்பானில் மெலிந்து ஒலித்த இடம் இங்கே தடித்தும், தடித்தது மெலிந்தும் கேட்டது. அந்தத் தலைமுறையில் யாராவது ‘கான்ட்ரா’ விளையாட்டின் மூலப் பதிவை யூடியூபில் கேட்டுவிட்டு “இது நம்ம கான்ட்ரா மாதிரி இல்லையே” என்றால் சிரிக்காதீர்கள். அவர் காது சரியாகத்தான் இருக்கிறது. சில எமுலேட்டர்களில் (பழைய பெட்டியைப் போலக் கணினியை நடக்கவைக்கும் மென்பொருள்களில்) இந்த இடமாற்றத்துக்கென்றே ஒரு பொத்தான் இருக்கிறது.

மூலச் சில்லின் ஒலியை உலகம் முழுக்க ஆர்வலர்கள் அணு அணுவாக அளந்து வைத்திருக்கிறார்கள். நாம் கேட்டு வளர்ந்த நகல்களுக்கு அந்தக் கவனிப்பு கிடைக்கவில்லை. உங்கள் வீட்டுப் பரணில் பழைய டிவி கேம் பெட்டி இருந்தால், காயலான் கடைக்குப் போடுவதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். ஒலிக்கான ஒயரை (பெரும்பாலும் வெள்ளை அல்லது சிவப்பு முனை) ஓர் அடாப்டர் வழியாக லேப்டாப்பின் மைக் துளையில் செருகி, உள்வரும் ஒலியளவைக் குறைத்து வைத்து, பத்து நிமிடம் விளையாடிப் பதிவு செய்யுங்கள். பெட்டியின் பெயரையும் திறந்து பார்த்தால் தெரியும் சில்லின் எண்ணையும் அந்தக் கோப்பின் பெயரிலேயே எழுதி வையுங்கள்.