சென்னை மெட்ரோ 2ஆம் கட்டம்: ரூ.63,246 கோடி யாருடைய பணம்? 4 வருஷம் நடந்த நிதிச் சண்டையும் முடிவும்!

மாதவரம் தொடங்கி ஓஎம்ஆர் வரை எங்க பார்த்தாலும் மெட்ரோ தடுப்புகள்தான். அந்தத் தடுப்புகளுக்குப் பின்னால் நடந்துகொண்டிருக்கும் வேலைக்குப் பணம் கொடுப்பது யார் என்பதில், சென்னைக்கும் டெல்லிக்கும் இடையே பல ஆண்டுகள் இழுபறி நீடித்தது. என்னதான் பிரச்னை? எப்படி முடிந்தது? பார்க்கலாம்.

2ஆம் கட்டம்னா என்னென்ன?

மொத்தம் 118.9 கி.மீ., 3 வழித்தடங்கள்.

* மாதவரம் - சிறுசேரி சிப்காட்: 45.8 கி.மீ.
* கலங்கரை விளக்கம் - பூந்தமல்லி பைபாஸ்: 26.1 கி.மீ.
* மாதவரம் - சோழிங்கநல்லூர்: 47 கி.மீ.

மதிப்பீடு ரூ.63,246 கோடி. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் முதல் கட்டமும் அதன் விம்கோ நகர் நீட்டிப்பும் சேர்ந்தே சுமார் 54 கி.மீ.தான். அதைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இது.

சண்டை எங்கே தொடங்கியது?

2020 நவம்பர் 21ஆம் தேதி மத்திய உள்துறை அமைச்சர் அமித் ஷா அடிக்கல் நாட்டினார். அப்போது எடப்பாடி பழனிசாமி முதல்வர். அடுத்த சில மாதங்களில் சட்டமன்றத் தேர்தல். 2021 பிப்ரவரி 1ஆம் தேதி மத்திய பட்ஜெட்டில் இந்தத் திட்டத்தை அறிவித்தார் நிர்மலா சீதாராமன். அதே ஆண்டு ஆகஸ்டில் பொது முதலீட்டு வாரியமும் பரிந்துரைத்தது. ஆனால் மத்திய அமைச்சரவை ஒப்புதல் மட்டும் வரவே இல்லை.

"பட்ஜெட்டில் அறிவித்துவிட்டு நிதி தராதது ஏன்?" என்பது திமுக அரசின் கேள்வி. "இது மாநிலத் திட்டமாகத் தொடங்கப்பட்டது" என்பது மத்திய அரசின் பதில்.

பெயர்ல என்ன இருக்கு?

எல்லாமே அதில்தான் இருக்கு. மாநிலத் திட்டம் என்றால், நிலம் உள்ளிட்ட சில செலவுகளைக் கழித்துவிட்டு, மீதியில் 10% மட்டுமே மத்திய அரசு தரும். மற்றதெல்லாம் மாநிலத்தின் தலையில். ஜப்பானின் ஜைக்கா, ஆசிய வளர்ச்சி வங்கி போன்ற அமைப்புகளிடம் வாங்கும் கடனும் மாநிலத்தின் கணக்கில்தான் ஏறும்.

ஒரு குடும்பத்துல தம்பி வீடு கட்டறதா வச்சுக்கோங்க. கடன் முழுக்க தம்பி பேர்ல இருந்தா, பிள்ளைங்க படிப்புக்குன்னு வேற கடன் கேட்கப் போனா, "உங்க லிமிட் முடிஞ்சுது"ன்னு வங்கி சொல்லிடும். இங்கேயும் அதே கதைதான். ஒரு மாநிலம் ஆண்டுக்கு எவ்வளவு கடன் வாங்கலாம் என்பதற்கு மத்திய அரசு வரம்பு வைத்திருக்கிறது. மெட்ரோ கடன் அந்த வரம்பை விழுங்கினால், சாலை, பள்ளி, மருத்துவமனை எனப் பிற வேலைகளுக்குக் கடன் வாங்கும் இடம் சுருங்கும்.

2024 அக்டோபரில் என்ன மாறியது?

செப்டம்பர் 27ஆம் தேதி முதல்வர் ஸ்டாலின் டெல்லியில் பிரதமர் மோடியைச் சந்தித்து இந்தக் கோரிக்கையை வைத்தார். அடுத்த ஆறே நாளில், அக்டோபர் 3ஆம் தேதி மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. மாநிலத் திட்டம், மத்திய அரசுத் திட்டமானது.

புதிய கணக்கு இதுதான்:

* மத்திய அரசின் பங்கு மூலதனம், சார்நிலைக் கடன்: ரூ.7,425 கோடி
* மத்திய அரசு வழியாக வரும் கடன்: ரூ.33,593 கோடி
* மாநில அரசு: ரூ.22,228 கோடி

"65% நிதி மத்திய அரசுடையது" என்று சொல்லப்படுவது முதல் இரண்டையும் கூட்டித்தான். ஆனால் கவனியுங்க, அதில் பெரும்பகுதி கடன். திருப்பிக் கட்டியாக வேண்டிய பணம்.

அப்போ கடனை அடைப்பது யார்?

சென்னை மெட்ரோ ரயில் நிறுவனம். திட்டம் முடிந்த பிறகு, அதாவது குறைந்தது 5 ஆண்டு அவகாசத்துக்குப் பின் தவணை தொடங்கும். நிறுவனத்தால் கட்ட முடியாத ஆண்டுகளில் மாநில அரசு கைகொடுக்க வேண்டும். கடன் அண்ணன் பேருக்கு மாறிடுச்சு. ஆனா வாடகை போதலைன்னா தவணை கட்டப்போறது தம்பிதான்!

அதனால் மத்திய அரசு "நாங்கதான் கொடுத்தோம்" என்பதும், மாநில அரசு "சுமை எங்களுக்குத்தான்" என்பதும் பாதிப் பாதி உண்மை. தமிழ்நாட்டுக்குக் கிடைத்த உண்மையான லாபம், அந்த ரூ.33,593 கோடி அளவுக்குக் கடன் வாங்கும் இடம் விடுபட்டதுதான்.

கோவை, மதுரைக்கு என்ன பாடம்?

2025 நவம்பரில் இந்த இரு நகரங்களின் மெட்ரோ திட்டங்களையும் மத்திய அரசு திருப்பி அனுப்பியது. 2017 மெட்ரோ கொள்கையில் உள்ள 20 லட்சம் மக்கள்தொகை என்ற அளவுகோல் காரணமாகச் சொல்லப்பட்டது. கணக்கில் எடுத்தது 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. "ஆக்ராவுக்கு மட்டும் எப்படிக் கொடுத்தீங்க?" என்று தமிழ்நாடு கேட்டது.

மெட்ரோ அறிவிப்பு எந்த ஊருக்கு வந்தாலும், எத்தனை கி.மீ. என்பதோடு இன்னும் இரண்டு கேள்விகளைச் சேர்த்துக் கேளுங்க: மத்திய அமைச்சரவை ஒப்புதல் வந்தாச்சா? கடன் யார் பேர்ல இருக்கு?