பிரின்ஸ் பாலின் பெயர்பெறாத இசைத்தொகுதிகள்

முதல் நூலாற் பெரும்புகழ் எய்திய ஆசிரியன் ஒருவன் பின்னர் இயற்றியன யாவும் அந்நூலின் நிழலிலேயே மறைந்துபோதல் உலகில் அரிதன்று. அமெரிக்க ஹிப்-ஹாப் இசையுலகில் பிரின்ஸ் பால் என வழங்கப்பெறும் பால் ஹஸ்டன் என்பாரது நிலையும் அத்தகையதே. இவர் 1967-ஆம் ஆண்டிற் பிறந்து, நியூயார்க் மாநிலத்து லாங் தீவிலுள்ள அமிட்டிவில் என்னும் ஊரில் வளர்ந்தவர். இவரைப் பற்றிப் பேசுவோரிற் பலர், 1989-ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு தொகுதியைச் சொல்லி அவ்வளவில் நிறுத்திவிடுகின்றனர். அத்தொகுதி சிறந்ததே; அதில் ஐயமில்லை. ஆயினும், இவர் அவ்விசைக்குப் புதிதாக ஈந்தது யாது என அறிய விழைவோர், நன்கு விலைபோகாத பின்னைத் தொகுதிகளையே நாடவேண்டும் என்பது எமது துணிபு.

‘தயாரிப்பாளர்’ என்னும் சொல்லை முதற்கண் விளக்குதல் நலம். திரைப்படத் துறையில் அச்சொல் பணம் முடக்குவோரைக் குறிக்கும். ஹிப்-ஹாப் துறையிலோ, பாட்டுக்கு வேண்டிய இசையைக் கட்டியமைப்பவரே அப்பெயர் பெறுவர். அவர் பழைய இசைத்தட்டுகளைத் தேடியெடுத்து, ஒன்றினின்று ஒரு தாளத்துணுக்கு, மற்றொன்றினின்று ஒரு குழலோசை, வேறொன்றினின்று ஒரு சீழ்க்கை எனச் சில விநாடி அளவே நறுக்கிச் சாம்ப்ளர் என்னும் கருவியிற் பதிந்துகொள்வார். அவற்றைத் திரும்பத் திரும்ப ஒலிக்கச் செய்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவார். பாடுவோர் அவ்வடுக்கின்மேல் தம் சொற்களைத் தாளத்தோடு உரைப்பர். இதனைக் களவு என்பாரும் உளர். 1988-ஆம் ஆண்டில், பால் உறுப்பினராயிருந்த ஸ்டெட்ஸாசோனிக் என்னும் குழுவினர் இவ்வாட்சேபத்திற்கு விடையாகவே ‘டாக்கிங் ஆல் தட் ஜாஸ்’ என்னும் பாட்டினை வெளியிட்டனர்.

அடுத்த ஆண்டில், டி லா சோல் என்னும் மூவர் குழுவிற்காகப் பால் அமைத்த ‘த்ரீ ஃபீட் ஹை அண்ட் ரைசிங்’ வெளிவந்தது. ஓடிஸ் ரெட்டிங் என்னும் பழைய பாடகரின் சீழ்க்கையும் ஸ்டீலி டான் குழுவினரின் இசையும் ஒரே பாட்டில் கைகோத்து நடந்ததைக் கேட்டோர் வியந்தனர். பிறிதொரு புதுமையும் அதிலிருந்தது. பாட்டுகளுக்கிடையே ஒரு வினாவிடைப் போட்டி நடப்பதாகப் பாவனை செய்து, சிறு சிறு விகட நாடகங்களைப் பால் புகுத்தியிருந்தார். ‘ஸ்கிட்’ எனப்படும் அவ்விடைநாடகம் பின்னர் ஹிப்-ஹாப் தொகுதிகளின் பொதுவழக்காயிற்று.

இப்புகழுக்கு ஒரு விலையும் இருந்தது. டர்ட்டில்ஸ் என்னும் பழைய குழுவினர், தம் பாட்டின் துணுக்கு அனுமதியின்றி எடுக்கப்பட்டதென வழக்குத் தொடர்ந்தனர். வழக்கு நீதிமன்றத்துக்கு வெளியே உடன்பாட்டில் முடிந்தது. அதன்பின் துணுக்குகளுக்கு முன்னரே அனுமதி பெறாமல் தட்டு வெளியிடக் கம்பெனிகள் அஞ்சின. 2010-ஆம் ஆண்டின் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் இத்தொகுதியைச் சேர்த்துப் பெருமை செய்தது. அங்ஙனமிருந்தும் உரிமைச் சிக்கல்களால் அஃது இணையவழி இசைச் சேவைகளில் இடம்பெற 2023-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம்வரை காத்திருக்க நேர்ந்தது. குழுவினருள் ஒருவரான டேவிட் ஜாலிக்கோர் அந்நாளைக் காணாது, அதற்கு முந்திய மாதத்திலேயே காலமானார்.

இனி வாதத்திற்கு வருவோம். முதற்றொகுதியே பாலின் சிகரம் என்பார் கூறும் நியாயம் எளிது: அதில் மகிழ்ச்சி உண்டு, புதுமை உண்டு, பின்னையோர் பலரும் அதைப் பின்பற்றினர். ஆனால் அதிலுள்ள வினாவிடைப் போட்டியை நீக்கிவிட்டாலும் பாட்டுகள் ஊனமுறா. போட்டி வெறும் அலங்காரமே. 1991-ஆம் ஆண்டில் வந்த ‘டி லா சோல் இஸ் டெட்’ தொகுதியில் நிலை மாறுகிறது. குப்பையிற் கிடந்த ஓர் ஒலிநாடாவை முரட்டுப் பிள்ளைகள் சிலர் கண்டெடுத்துக் கேட்கின்றனர். பாட்டுக்குப் பாட்டு இகழ்கின்றனர். ஈற்றில் அதைக் குப்பையிலேயே எறிகின்றனர். அந்நாடா யாம் கேட்டுக்கொண்டிருக்கும் தொகுதியேயாம்! தம்மீது வரவிருந்த இகழ்ச்சியைத் தாமே முந்திச் சொல்லிவிட்ட இத்துணிவு அன்று பலர்க்கு விளங்கவில்லை. இங்கே இடைநாடகம் அலங்காரமன்று; தொகுதியின் பொருளே அதுதான்.

1993-ஆம் ஆண்டின் ‘பலூன் மைண்ட்ஸ்டேட்’டுக்குப் பின் டி லா சோலும் பாலும் பிரிந்தனர். பால் தலைமைதாங்கத் தொடங்கிய சிறு கம்பெனியும் நிலைக்கவில்லை. டாமி பாய் நிறுவனத்தோடு முன்பு தொடர்புற்று அங்கே ஏற்றங் காணாத மூவரை அவர் சேர்த்துக்கொண்டு, ‘கிரேவ்டிக்காஸ்’, அதாவது குழிவெட்டுவோர், என்னும் குழுவை அமைத்து, 1994-ஆம் ஆண்டில் சாவையே விகடமாக்கிப் பாடச் செய்தார். கசப்பிற் பிறந்த நகைச்சுவை அது. இரண்டாண்டு கழித்து, இதுவே தம் இறுதித் தட்டு என்றெண்ணி, விற்பனையைச் சிறிதும் கருதாது, ‘சைக்கோஅனாலிசிஸ்’ என்னும் தொகுதியைச் செய்து ஒரு சிறு கம்பெனியின் வாயிலாக வெளியிட்டார். மனநோய் மருத்துவர் முன் கிடந்து பிதற்றுவான் ஒருவனது பேச்சே அதற்குச் சரடு. அதிலுள்ள பரிகாசம் சில இடங்களில் நயமின்றி அருவருப்பூட்டுவதை மறைத்தற்கில்லை. எனினும், அடுத்த ஆண்டில் டாமி பாய் நிறுவனமே அதனை மறுபடி வெளியிட்டமை கருதத்தக்கது.

இவற்றின் கனியே 1999-ஆம் ஆண்டின் ‘ஏ பிரின்ஸ் அமங் தீவ்ஸ்’. முப்பத்தைந்து பகுதிகளைக் கொண்ட இது, தொடக்கமுதல் முடிவுவரை ஒரே கதை. தாரிக் என்னும் ஏழை இளைஞன் ராப் பாடகனாக விழைகிறான். தன் மாதிரி ஒலிநாடாவை முடிக்கப் பணமில்லை. தோழன் ஒருவனை அடுத்துச் சில நாளைக்குத் தீயதொழில் புரியத் துணிகிறான். அத்தோழனே அவனை வஞ்சிக்கிறான். தாரிக் குண்டடிபட்டுக் கிடக்கும் காட்சியை முன்வைத்து, அதன்பின் கதையைப் பின்னோக்கித் தொடங்குகிறார் பால். ஆகவே இளைஞன் நம்பிக்கையோடு பேசும் ஒவ்வொரு சொல்லும் கேட்போர் நெஞ்சை உறுத்துகின்றது. தாரிக்காகப் பெரிதும் அறியப்படாத பிரீஸ்லி புரூவின் பேசினார்; புகழ்பெற்ற பிக் டாடி கேன், கூல் கீத், எவர்லாஸ்ட் முதலியோர் விலைமாதர் தரகன், ஆயுத வியாபாரி, நெறிகெட்ட காவலன் எனச் சிறு வேடமே பூண்டனர். அவரவர் பாட்டுகளிற் பெருமையாகப் பேசிவந்த வீராப்பையே வேடமாக்கி அவரவர்க்குக் கொடுத்துவிட்ட சாமர்த்தியத்தை என்னென்பது! விமரிசகர் இதனைப் போற்றினர். மக்கள் அதிகம் வாங்கினாரல்லர்.

2003-ஆம் ஆண்டின் ‘பாலிடிக்ஸ் ஆஃப் த பிஸினஸ்’ அத்தோல்விக்குரிய மறுமொழி. விலைபோகும் தட்டு எப்படியிருக்கவேண்டும் என்று வியாபாரிகள் கூறுவரோ, அப்படியே செய்து காட்டி அவர்களை எள்ளுதல் அதன் நோக்கம். இதனைக் காப்பாற்றிப் பேசும் அன்பர்கள் நோக்கத்தையே சுட்டுகின்றனர். எமக்கு அது போதவில்லை. சாதாரணப் பாட்டைப் பரிகசிக்கச் செய்த பாட்டும் காதுக்குச் சாதாரணமாகவே ஒலிக்குமாயின், கேட்போன் சிரிப்பது எப்பொழுது? முந்திய தொகுதியில் இடைநாடகம் பாட்டைத் தாங்கிற்று. இதிலோ நாடகமின்றிப் பாட்டு நிற்க மாட்டாது. பாலின் தட்டுகளுள் இதுவொன்றே பெயர்பெறாமைக்குத் தகுதியுடையது என்பேம்.

பாலைக் குறைகூறுவோர் மற்றொரு குற்றமும் சாட்டுவர்: இவர் தொடங்கிவைத்த இடைநாடகத்தை நூற்றுக்கணக்கானோர் காரணமின்றிக் கையாண்டு, பாட்டுக் கேட்க அமர்ந்தவனைச் சலிப்பித்தனர் என்பது. உண்மையே. அவர்கள் கற்றது 1989-ஆம் ஆண்டின் அலங்காரத்தை. 1999-ஆம் ஆண்டின் கதைக்கட்டை அன்று. இக்காலத்தில் பாட்டுகளைத் தனித்தனியே பொறுக்கிக் கேட்கும் வழக்கமும் மிகுந்துவிட்டது. தாரிக்கின் கதையில் நடுவே ஒரு பாட்டை மட்டும் எடுத்துக் கேட்பவனுக்கு, எவனோ ஒருவன் துப்பாக்கி விற்பதன்றி வேறொன்றும் விளங்காது. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒதுக்கி, முதலிலிருந்து வரிசை மாறாது கேட்பவனுக்கே அவ்விளைஞன் யாரென்பது தெரியும்.