செத்த வைஃபை பெட்டியை உடனே தூக்கிப் போடாதீர்கள்

பாகான் டத்தோ பக்கம் இடிமழையில் மின்சாரம் போவது புதிதல்ல. அந்த நேரம் பார்த்துப் பள்ளிக்கூடத்திலோ தோட்ட ஆபீசிலோ கூரையடியில் இருக்கும் வைஃபை பெட்டி புது ஃபெர்ம்வேரை, அதாவது தன்னை இயக்கும் மென்பொருளை, ஏற்றிக்கொண்டிருந்தால், வேலை பாதியில் நின்றுவிடும். மறுநாள் விளக்கு மட்டும் மினுக்கும், வைஃபை வராது. பழுது என்று முடிவுகட்டிப் புதிதுக்கு விலை கேட்கிறோம். பெரும்பாலும் அதற்கு அவசியமே இல்லை.

ஃபெர்ம்வேர் கெட்டாலும், அதை எழுப்பிவிடும் பூட்லோடர் என்ற சிறு நிரல் தனி இடத்தில் பத்திரமாக இருக்கும். சிஸ்கோ 2700 வகைப் பெட்டியை எடுத்துக்கொள்வோம். மின்சாரத்தைத் துண்டித்து, 'மோட்' பொத்தானை அழுத்தியபடியே மறுபடி கொடுங்கள். 20, 30 விநாடியில் விளக்கு சிவப்பானதும் விரலை எடுங்கள். பெட்டி தனக்கு 10.0.0.1 என்ற முகவரியை வைத்துக்கொண்டு, டிஎஃப்டிபி என்ற கோப்பு அனுப்பும் முறை வழியாக ஃபெர்ம்வேர் கோப்பைத் தேடும். உங்கள் மடிக்கணினிக்கு 10.0.0.2 முதல் 10.0.0.30க்குள் ஒரு முகவரி தந்து, பெட்டி கேட்கும் அதே பெயரில் கோப்பை வைத்திருக்க வேண்டும். ஓர் எழுத்து மாறினாலும் எடுக்காது. பலர் தடுக்கி விழுவது இங்கேயும், கணினியின் ஃபயர்வால் 69ஆம் போர்ட்டை மறித்து நிற்கும் இடத்திலும்தான்.

டிஎஃப்டிபி 1981லேயே ஏட்டில் ஏறிய பழைய முறை. பயனர் பெயர், கடவுச்சொல் எதுவும் கிடையாது. அவ்வளவு எளிமையானது என்பதால்தான் குட்டி பூட்லோடருக்குள்ளும் அடங்குகிறது.

சில சமயம் பெட்டியில் குறையே இராது, நாள்காட்டியில் இருக்கும். சிஸ்கோவின் பழைய ஐஓஎஸ் பெட்டிகளுக்கான ஃபெர்ம்வேரில் கையொப்பச் சான்றிதழ் ஒன்று 2022 டிசம்பர் 4இல் காலாவதியானது. அதன்பின் புதுப்பிக்க முயன்ற பெட்டிகள் பல, இறக்குவதும் நிராகரிப்பதுமாகவே சுற்றின. தற்காலிக வழியாக நிறுவனமே சொன்னது: பெட்டிகளை நிர்வகிக்கும் கண்ட்ரோலரின் கடிகாரத்தை அந்தத் தேதிக்கு முன்னே திருப்பி வையுங்கள், பெட்டிகள் சேர்ந்ததும் சரியாக்குங்கள். நல்ல நிலையில் இருந்த பெட்டிகளுக்கு அவ்வளவே போதுமாயிருந்தது.

பொறுப்பில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். புதுப்பிக்கும் வேலையைப் பள்ளி விடுமுறையில், வானம் தெளிந்த காலையில் வைத்துக்கொள்ளுங்கள். பெட்டிக்கு மின்சாரம் தரும் சுவிட்சை யுபிஎஸ்ஸில் மாட்டுங்கள். இப்போது ஓடும் ஃபெர்ம்வேரின் பிரதி ஒன்றை எடுத்து வைத்துவிட்டுத் தொடங்குங்கள்.