கூறியது கூறாமை

நூற்குற்றம் பத்தினுள் ‘கூறியது கூறல்’ ஒன்றென்று நன்னூல் கூறும். ஒன்றற்குச் சொன்ன விதியை அதனோடு பொருந்தும் பிறிதொன்றற்கும் மாட்டி நடத்துதலை ‘மாட்டெறிந்தொழுகல்’ என்னும் உத்தியாக வைக்கும். கணினி நிரல் எழுதுவார்க்கும் இவை இரண்டும் பொருந்தும்.

பிரிக்பீல்ட்ஸ் துணிக்கடை ஒன்று, வலைத்தளத்தின் வழியே கிள்ளான் வாடிக்கையாளர்க்கும் சேலை விற்பதாகக் கொள்வோம். கூடையைக் காட்டல், திருத்தல், ரசீது அளித்தல் என்னும் மூன்று செயல்களிலும் வரிக்கணக்குத் தனித்தனியே எழுதப்பட்டுள்ளது. மலேசியாவில் 2015 ஏப்ரல் 1 முதல் 6 விழுக்காடாக இருந்த பொருள் சேவை வரி, 2018 ஜூன் 1இல் சுழியமாயிற்று. அன்று இரண்டிடம் திருத்தி மூன்றாவதை மறந்திருந்தால், கூடை காட்டும் விலை ஒன்று; ரசீது கேட்கும் பணம் வேறு.

ஆதலின் கணக்கை ஓரிடத்தே எழுதி, மூன்று செயல்களும் அதனையே அழைக்குமாறு செய்தல் வேண்டும். வந்தவர் யாரெனச் சோதித்தல் போல்வனவற்றை, ஒவ்வொரு செயலுக்கும் முன்னர்த் தானே இயங்கும் முன்செயலாக வைக்கலாம். ‘ரூபி ஆன் ரெயில்ஸ்’ முதலிய சட்டகங்கள் இதற்கு இடந்தருகின்றன.

எனினும் உருவொப்புமை கண்டு மயங்கலாகாது. வரியும் 6 விழுக்காடு, தள்ளுபடியும் 6 விழுக்காடு எனின், எண் ஒன்றே, பொருள் வேறு. இரண்டையும் ஒன்றாக்கினால், வரி நீங்கும் நாளில் தள்ளுபடியும் நீங்கிவிடும். ஒருங்கே மாறுவனவே ஓரிடத்து வைத்தற்குரியன.