விரைந்து துடிக்கும் இதயமும் சுட்டு நீக்கும் சிகிச்சையும்

அமைதியாக இருக்கும் ஒருவரின் இதயம் நிமிடத்திற்கு 60 முதல் 100 முறை துடிப்பது இயல்பு. ஓடும்போதும் அஞ்சும்போதும் அது படிப்படியாக விரைவதும் இயல்பே. ஆயின், வகுப்பறையில் அமர்ந்திருக்கும் மாணவர் ஒருவருக்குத் துடிப்பு திடீரென 180, 200 என எழுந்து, சிறிது நேரத்தில் திடீரென அடங்குமாயின், அதனை இயல்பெனக் கொள்ளுதல் தகாது. மருத்துவரிடம் செல்வதற்குள் துடிப்பு சீரடைந்துவிட்டால் இசிஜி வரைபடத்தில் குறை தென்படாமல் போகலாம். அதனைத் 'தேர்வு பயம்' என்று ஒதுக்கிவிடுவது எளிது. குணப்படுத்தத்தக்க நோயொன்று ஆண்டுக்கணக்கில் மறைந்திருப்பது இவ்வாறே.

இதயத்தை இயக்குவது மின்தூண்டல். வலது மேலறையின் மேற்பகுதியிலுள்ள சைனஸ் கணுவில் அது பிறக்கிறது. மேலறைகளில் பரவி, ஏவி கணுவில் சற்றே தாமதித்து, கீழறைகளை அடைகிறது. ஏவி கணுவை ஜப்பானிய அறிஞர் சுனாவோ தவாரா 1906ஆம் ஆண்டிலும், சைனஸ் கணுவை ஆர்தர் கீத், மார்ட்டின் பிளாக் ஆகிய இருவரும் 1907ஆம் ஆண்டிலும் விளக்கினர். சிலருக்கு இவ்வழியோடு மற்றொரு மின்வழியும் அமைந்திருக்கும். ஒரு வழியில் இறங்கிய தூண்டல் மற்றொன்றில் மேலேறிச் சுழலத் தொடங்கினால், சுற்றுக்கு ஒரு துடிப்பாக இதயம் விரைகிறது. சுழற்சி அறுந்த கணமே துடிப்பு சீரடைகிறது. திடீர்த் தொடக்கமும் திடீர் முடிவும் இந்நோயின் அடையாளமாவது இதனாலேயே.

மருந்துகள் இச்சுழற்சியைத் தடுக்கவோ நிறுத்தவோ உதவும். மிகையான வழியை அகற்றமாட்டா. அதனை அகற்றுவதே கதீட்டர் வழிச் சுட்டு நீக்கும் சிகிச்சை. தொடை இடுக்கிலுள்ள சிரை வழியாக மெல்லிய கதீட்டர்களைச் செலுத்தி, எக்ஸ்ரே திரையில் பார்த்தவாறே இதயத்தின் உட்புறத்தை அடைகின்றனர். மின்தூண்டல் செல்லும் பாதையை அளந்து, விரைவுத் துடிப்பை வேண்டுமென்றே தூண்டி, பிழையான இடத்தைக் கண்டறிகின்றனர். பின்னர் ரேடியோ அலை ஆற்றலால் அவ்விடத்தை 50 பாகை செல்சியஸுக்கு மேல் சூடேற்றுகின்றனர். சில மில்லிமீட்டர் அளவேயான திசு தழும்பாகிறது. தழும்பில் மின்தூண்டல் செல்லாது. மார்பைத் திறக்க வேண்டியதில்லை. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்க மருத்துவர் மெல்வின் ஷைன்மன் இத்தகைய சிகிச்சையை வலிய மின்னதிர்ச்சி கொண்டு செய்தார். மென்மையான ரேடியோ அலைமுறை அப்பதின்ம ஆண்டுகளின் பிற்பகுதியில் வழக்கிற்கு வந்தது.

மேற்கூறிய சுழற்சி வகை நோய்களில், இச்சிகிச்சை பெறுவோருள் மிகப் பெரும்பாலோர் குணமடைகின்றனர். மேலறைகள் ஒழுங்கின்றி அதிரும் ஏட்ரியல் பைப்ரிலேஷன் நோயிலோ பயன் அத்துணை உறுதியன்று. சிகிச்சையை மீண்டும் செய்ய நேரிடலாம். இடர்களும் உண்டு. சிரையில் குருதிக் கசிவு நேரலாம். அரிதாக, ஏவி கணு பழுதுற்றுப் பேஸ்மேக்கர் பொருத்த வேண்டியும் வரலாம். இவற்றை அறிந்து முடிவெடுப்பது நோயாளியின் உரிமை.

பந்திங்கில் வாழும் நமக்கு இதன் முதற்படி அருகிலேயே உள்ளது. இசிஜி எடுப்பதற்குப் பந்திங் மருத்துவமனையே போதும். தேவையெனில், கோலாலம்பூரில் 1992 முதல் இயங்கிவரும் ஐ.ஜே.என். போன்ற இதய சிகிச்சை நிலையத்திற்குப் பரிந்துரை பெறலாம். ஆயின், மருத்துவரை இத்திசையில் சிந்திக்கச் செய்வது பெரும்பாலும் நோயாளியின் சொல்லே. 'படபடப்பு' என்னும் சொல் அச்சத்தையும் குறிக்கும், நோயையும் குறிக்கும். ஆகவே அச்சொல்லோடு நில்லாமல், எப்போது தொடங்கியது, படிப்படியாகவா திடீரெனவா, எவ்வளவு நேரம் நீடித்தது, எப்படி நின்றது என்பவற்றையும் கூறுதல் வேண்டும். ஆசிரியர் மாணவரின் மணிக்கட்டு நாடியை 15 வினாடி எண்ணி, நான்கால் பெருக்கிக் குறித்துவைத்தால் அதுவும் உதவும். மயக்கமோ மார்புவலியோ மூச்சுத்திணறலோ சேர்ந்தால் காத்திராமல் 999 எண்ணை அழைக்க வேண்டும். உற்றதை உள்ளவாறு சொல்லத் தெரிந்த மாணவர் தம் நோய்க்குரிய மருத்துவத்தை விரைந்து அடைவார். அவ்வாறு சொல்லப் பழக்குவதும் மொழிக்கல்வியின் பணியே.