கணக்குப் பார்ப்பவருக்கு எவ்வளவு சம்பளம்?

அண்மையில் திருகோணமலைக் கச்சேரியில் ஒரு கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது, எனக்குத் தெரிந்த ஒரு அக்கா மகளையும் கூட்டிக்கொண்டு வீதியோரத்தில் காத்து நின்றார். 2006இல் சம்பூர்ப் பக்கத்திலிருந்து இடம்பெயர்ந்து, கிளிவெட்டி முகாமில் பல வருடங்கள் இருந்து, காணிகள் விடுவிக்கப்பட்ட பின்னர் ஊர் திரும்பியவர். கணவர் இல்லை. தனியாக நின்று பிள்ளைகளை வளர்த்தவர். தமது ஊர் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்துக்குப் பல வருடங்களாக அவர்தான் பொருளாளர்.

மகள் உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவில் படித்தவள். நகரத்தில் ஒரு கடையில் கணக்கு எழுதும் வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள்.

"மிஸ், மாசம் 25,000 தாறமெண்டு சொல்லுறாங்கள். இது நல்ல சம்பளமோ? பிள்ளை பிறகு பெரிய கணக்காளரா வரலாமோ? ஒருக்காச் சொல்லுங்கோவன்" என்றார்.

மகள் இடையில் புகுந்து, "கணக்காளர் இல்லையம்மா, நிதி முகாமையாளர்" என்று திருத்தினாள். அவளுடைய கனவு அது. அந்தக் கனவுக்குச் சம்பளம் எவ்வளவு என்று எனக்கும் அன்று தெரியாது. நான் சமூகவியல் படித்தவள். ஐந்தொகையைக் கண்டால் இன்றும் தலை சுற்றும். எனவே தெரிந்தவர்களிடம் கேட்டு, சட்டங்களை வாசித்துத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். உயர்தரத்தில் வர்த்தகம் படித்த பிள்ளைகள் எமது வாசகியர் பலரின் வீடுகளில் இருக்கிறார்கள்.

முதலில் அந்த 25,000 ரூபாவைப் பார்ப்போம். இலங்கையில் தேசிய குறைந்தபட்ச வேதனச் சட்டம் 2016இல் வந்தது. அப்போது மாதம் 10,000 ரூபா. 2021இல் 12,500, 2024இல் 17,500 என்று கூடியது. 2025 ஏப்ரலில் 27,000 ரூபாவாகவும் 2026 ஜனவரி முதல் 30,000 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டது. ஆகவே கடைக்காரர் சொன்ன தொகை நல்லதா, குறைவானதா என்று யோசிக்கவே தேவையில்லை. அது சட்டத்துக்குக் கீழே நிற்கும் சம்பளம். கடையைக் கூட்டுகிறவருக்கும் அதைவிடக் கூடக் கொடுக்க வேண்டும்.

இனி மேல் வேலைக்கு வருவோம். ஒரு நிறுவனத்தில் காசைத் தொடுகிறவர்கள் எல்லோரும் ஒரே வேலை செய்பவர்கள் அல்லர். காசாளர் காசை வாங்கிப் பற்றுச்சீட்டுக் கொடுக்கிறார். கணக்கு எழுதுபவர் அதைக் காசேட்டிலும் பேரேட்டிலும் பதிகிறார். கணக்காளர் அந்தப் பதிவுகளைச் சரிபார்த்து, வங்கிக் கூற்றோடு இணக்கி, ஐந்தொகை தயாரிக்கிறார். இவர்கள் மூவரும் நடந்து முடிந்த காசைப் பார்க்கிறார்கள். நிதி முகாமையாளர் வரப்போகும் காசைப் பார்க்கிறார். அடுத்த மூன்று மாதத்துக்குச் சம்பளம் கொடுக்கக் காசு இருக்குமா, வங்கிக் கடனை இப்போது எடுப்பதா பொறுப்பதா, எந்தச் செலவை நிறுத்துவது என்று யோசித்து, முதலாளியின் முகத்துக்கு நேரே "இது முடியாது" என்று சொல்ல வேண்டியவரும் அவரே. சம்பள வித்தியாசம் இங்கேதான் தொடங்குகிறது.

இதைக் கேட்டதும் எனக்கு அந்த அக்காவின் ஞாபகம்தான் வந்தது. சங்கத்தில் யாருக்கு இந்த மாதம் கடன் கொடுப்பது, வாடைக் காற்றுக் காலத்தில் கடலுக்குப் போகாத குடும்பங்களின் தவணை எப்போது வரும், அதுவரை வங்கியில் எவ்வளவு விட்டுவைக்க வேண்டும் என்றெல்லாம் அவர் மனதாலே போட்டு வைத்திருப்பார். கம்பனிகளில் இதைக் காசுப் பாய்ச்சல் திட்டம் என்கிறார்கள். அங்கே அதற்குச் சம்பளம் உண்டு. எமது சங்கங்களில் வருடக் கடைசியில் ஒரு நன்றி மட்டும் சொல்வார்கள், அதுவும் எல்லா வருடமும் அல்ல.

எமது துறைமுகத்தையே உதாரணமாக எடுப்போம். சீனன்குடாப் பக்கம் பிறீமா மாவாலை இருக்கிறது. டோக்கியோ சீமெந்துத் தொழிற்சாலை இருக்கிறது. 99 தாங்கிகளைக் கொண்ட எண்ணெய்க் குதம் இருக்கிறது. கோதுமையும் சீமெந்து மூலப்பொருளும் எண்ணெயும் கப்பலில் வருகின்றன. அவற்றுக்கு டொலரில் பணம் கட்ட வேண்டும். 2022 மார்ச் ஆரம்பத்தில் ஒரு டொலர் 200 ரூபா அளவில் இருந்தது. அதே வருடம் மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. பத்து இலட்சம் டொலர் கட்ட வேண்டிய ஒரு நிறுவனத்துக்கு, மார்ச் ஆரம்பத்தில் கட்டியிருந்தால் 20 கோடி ரூபா. மே மாதத்தில் என்றால் 36 கோடி. எப்போது கட்டுவது என்று ஆலோசனை சொல்கிறவரின் ஒரு சொல்லில் 16 கோடி ரூபா கிடக்கிறது. பெரிய நிறுவனம் தன் நிதி முகாமையாளருக்குப் பெரிய சம்பளம் கொடுப்பதற்கு முதற் காரணம் இதுதான். ஒரு பல்பொருட் கடையில் அதே பதவிப் பெயரோடு ஒருவர் இருக்கலாம். அவருடைய தவறு சில ஆயிரத்தோடு முடிந்துவிடும், சம்பளமும் அதற்கேற்ற மாதிரித்தான்.

ஆனால் ஒரு விடயத்தைக் கவனியுங்கள். இந்த ஆலைகளின் புகைபோக்கிகள் எமது கரையில் நிற்கின்றன, தலைமைக் கந்தோர்களோ கொழும்பில் இருக்கின்றன. நிதியின் பெரிய கதிரையும் அங்கேதான். திருகோணமலையில் கிடைப்பது பெரும்பாலும் அந்தக் கதிரைக்குக் கீழே உள்ள வேலைகள். ஒரே படிப்பு, ஒரே அனுபவம் உள்ள இருவரில் கொழும்பில் இருப்பவர் கூட எடுப்பதற்கு இது ஒரு காரணம். எமது பெண் பிள்ளைகளில் எத்தனை பேரைத் தனியே வெள்ளவத்தையில் அறை எடுத்து இருக்க நாம் விடுவோம் என்பது அடுத்த கேள்வி. அதற்கு நான் பதில் சொல்ல வரவில்லை. அந்த வாடகையைக் கட்ட எல்லாத் தாய்மாராலும் முடியாது என்பதும் எனக்குத் தெரியும்.

படிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1959இல் சட்டத்தால் அமைக்கப்பட்ட இலங்கைப் பட்டயக் கணக்காளர் நிறுவகத்தின் தகைமையைத்தான் நாம் சி.ஏ. என்கிறோம். பரீட்சைகளோடு மூன்று வருடப் பயிற்சியும் முடிக்க வேண்டும். அந்த மூன்று வருடமும் கையில் கிடைப்பது சிறு கொடுப்பனவுதான். குடும்பத்தின் உழைப்பாளி தாய் ஒருத்தியே என்ற வீடுகளில் பிள்ளைகள் இடையில் நின்றுவிடுவது இந்த இடத்தில்தான், புத்தியில்லாமல் அல்ல. ஏ.ஏ.ரி. அதைவிடச் சிறிய படி. உயர்தரம் முடித்த கையோடு தொடங்கலாம், பரீட்சையைத் தமிழிலும் எழுதலாம், வேலை செய்துகொண்டே படிக்கலாம். இலங்கை உயர் தொழினுட்பவியல் கல்வி நிறுவனத்தின் கிளை திருகோணமலையிலும் இருக்கிறது. அந்நிறுவனத்தின் கணக்கியல் உயர் தேசிய டிப்ளோமாவைப் பற்றி அங்கே போய் விசாரிக்கலாம். கோணேசபுரியில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் வணிகக் கற்கைகள் பீடமும் இருக்கிறது. எதைப் படித்தாலும் மேலே போகப் போக ஆங்கிலம் வேண்டும். வங்கியோடும் தலைமைக் கந்தோரோடும் வெளிநாட்டாரோடும் பேசுவது அந்த மொழியில்தான். ஆங்கிலம் தெரியாத கெட்டிக்காரக் கணக்காளர்கள் பலரை எனக்குத் தெரியும்; ஐந்தொகையைத் தயாரித்துக் கொடுப்பார்கள், அதை வைத்துக்கொண்டு கூட்டத்தில் பேசுபவர் வேறொருவர். கூடச் சம்பளம் பேசுகிறவருக்கே.

அரசாங்க சேவையின் கதை வேறு. இலங்கைக் கணக்காளர் சேவைக்குப் போட்டிப் பரீட்சை உண்டு. சம்பள அட்டவணை சுற்றறிக்கையாக வெளிவரும். 2016ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையில் அந்தச் சேவையின் ஆரம்ப அடிப்படைச் சம்பளம் 47,615 ரூபா. 2025 ஏப்ரல் முதல் அரச ஊழியரின் அடிப்படைச் சம்பளங்கள் கட்டங்கட்டமாக உயர்த்தப்பட்டன; ஆகக் குறைந்த அடிப்படைச் சம்பளம் 24,250இலிருந்து 40,000 ஆகியது. தனியார் நிறுவனத்தின் பெரிய சம்பளத்தை அரசாங்கத்தில் எதிர்பார்க்க முடியாது. ஆனால் ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என்று இரண்டு அட்டவணை அங்கே இல்லை. பக்கத்துக் கதிரையில் இருப்பவர் எவ்வளவு எடுக்கிறார் என்று கிசுகிசுக்கவும் தேவையில்லை. இது பெண்களுக்குப் பெரிய காவல் என்றே நான் நினைக்கிறேன். இலங்கை 1993இல் சம வேதனத்துக்கான சர்வதேச உடன்படிக்கையை ஏற்றுக்கொண்டது. இருந்தும் தனியார் துறையில் ஒவ்வொருவர் சம்பளமும் மூடிய உறைக்குள் இருப்பதால், குறைவாகக் கிடைக்கிறது என்பதே பலருக்குத் தெரியவராது.

தொண்டு நிறுவனங்களைப் பற்றி என் சொந்த அனுபவத்தைச் சொல்கிறேன். நான் பட்டம் முடித்து முதன்முதலாகச் சேர்ந்த நிறுவனத்தில் நிதிப் பிரிவில் இருந்தவருக்கு என்னைவிட இரண்டு மடங்கு சம்பளம். வெயிலில் வீடு வீடாகப் போகிறவள் நான், காற்றாடிக்குக் கீழே இருப்பவர் அவர் என்று எனக்குக் கோபமாக இருந்தது. ஒரு வருடம் கணக்காய்வின்போது சில செலவுச் சீட்டுகள் குறைந்து, அடுத்த தவணைப் பணம் மாதக் கணக்கில் வராமல் நின்றது. ஐம்பது குடும்பங்களுக்குக் கொடுக்கவிருந்த கோழிக்கூடுகள் நின்றன. சீட்டுகளைத் தேடிப் பிடித்து அந்தப் பணத்தை மீட்டவர் அவர்தான். அதன் பிறகு நான் அவருடைய சம்பளத்தைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் அவருடைய நியமனமும் வருடத்துக்கு வருடம்தான். 2004 சுனாமிக்குப் பின்னரும் 2009இல் யுத்தம் முடிந்த பின்னரும் திருகோணமலைக்கு வந்த நிறுவனங்கள் ஒவ்வொன்றாகப் போனபோது, அந்தச் சம்பளங்களும் போயின. பெரிய தொகையைப் பார்த்துச் சேரும்போது அது எத்தனை மாதத்துக்கு என்பதையும் பார்க்க வேண்டும்.

வெளிநாட்டுத் தொகைகளைக் கேட்டு மயங்குகிறவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்கத் தொழிற் புள்ளிவிபரப் பணியகத்தின்படி 2024 மே மாதத்தில் அங்குள்ள நிதி முகாமையாளர்களில் பாதிப்பேர் வருடம் 161,700 டொலருக்கு மேலும், பாதிப்பேர் அதற்குக் கீழும் எடுத்தார்கள். எமது காசில் நாலரைக் கோடிக்கு மேல். அங்கத்தைய வாடகையும் மருத்துவச் செலவும் அந்தத் தொகைக்குள்தான் என்பதை மறக்கக் கூடாது. 2022இல் மட்டும் இலங்கையிலிருந்து 3 இலட்சத்துக்கு மேற்பட்டோர் வெளிநாட்டு வேலைக்குப் போனார்கள், கணக்குப் படித்தவர்களும் அதில் அடக்கம்.

பெண்களின் சம்பளத்தைக் கீழே இழுக்கும் இன்னொன்று, நேர்முகப் பரீட்சையில் கேட்கப்படும் இரண்டு கேள்விகள். "கலியாணம் முடித்ததா?" "போன இடத்தில் எவ்வளவு எடுத்தனீர்?" முதலாவது, இவள் பிள்ளை பெற்று நின்றுவிடுவாள் என்ற கணக்கு. இரண்டாவது, முன்னர் குறைத்துக் கொடுத்தவரின் தவறை இவரும் தொடர்வதற்கான வழி. எமது பெண்களோ "நீங்கள் பார்த்துத் தாங்கோ" என்று சொல்லிவிட்டு வருகிறோம். நானும் அப்படிச் சொன்னவள்தான்.

சம்பளத்தை விட முக்கியமாக நான் கருதுவது சேமலாப நிதி. ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் 1958இல் வந்தது. ஊழியரின் சம்பளத்தில் 8 சதவீதமும், முதலாளியின் பணத்திலிருந்து 12 சதவீதமும் கட்ட வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு முதலாளி இன்னும் 3 சதவீதம். சம்பளம் 30,000 என்றால் சேமலாப நிதிக்கு மாதம் 6,000 சேரும், வருடம் 72,000. பெண்கள் 50 வயதில் எடுக்கலாம். வேலை நிரந்தரம் இல்லை, பழகுகிற காலம் என்று சொல்லித் தட்டிக்கழிக்க முடியாது. முதல் நாளிலிருந்தே உரியது. பதினைந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடமென்றால், ஐந்து வருடம் முடிந்து விலகும்போது வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் பணிக்கொடையும் உண்டு. சில இடங்களில் அடிப்படைச் சம்பளத்தைச் சிறிதாக்கி மீதியை வெவ்வேறு பெயர்களில் படிகளாகப் போடுவார்கள். கையில் வரும் தொகை அதேதான், பணிக்கொடை கணக்கிடும்போதுதான் குறைவு தெரியும். ஆகவே நியமனக் கடிதத்தில் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். கடிதமே தராவிட்டால் கேளுங்கள். முறைப்பாடு என்றால் தொழில் அலுவலகத்துக்கு நேரே போகலாம், தரகர் தேவையில்லை.

இதையெல்லாம் அந்த அக்காவுக்கும் மகளுக்கும் சொன்னேன். இரண்டு கிழமைக்குப் பிறகு தொலைபேசி எடுத்தார். தாயும் மகளும் போய்ப் பேசியிருக்கிறார்கள். 30,000 ரூபாவுக்குக் கடைக்காரர் சம்மதித்துவிட்டார். சேமலாப நிதியை மட்டும் "மூன்று மாதம் போகட்டும், பிள்ளை வேலை பழகட்டும்" என்றாராம். முதல் நாளிலிருந்தே கட்ட வேண்டும் என்று மகள் சொல்ல, தன்னுடைய கணக்காய்வாளரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.

"திங்கட்கிழமை திரும்பவும் போறம், மிஸ்" என்றார் அக்கா. "ஏ.ஏ.ரி.க்குக் கட்டுற காசையும் கொப்பியில எழுதிப் பாத்திட்டன். மாசம் மாசம் பிரிச்சுக் கட்டினாக் கட்டலாம்."