பக்தியும் அச்சமும் கணனியும்

கடவுள் நம்பிக்கையைக் கணனியால் ஆராய முடியுமா? இந்தக் கேள்வி முதலில் எனக்கு வேடிக்கையாகவே பட்டது. பக்தி உள்ளத்தின் விடயம். கணனியோ கணக்கு மட்டுமே தெரிந்த பெட்டி. ஆனால் கேள்வியைச் சற்று மாற்றிப் பார்த்தேன். அச்சம் சூழும்போது மனிதனின் நம்பிக்கை என்ன ஆகிறது என்று கேட்டால், கணனியிடமும் சொல்வதற்குச் சில செய்திகள் இருக்கின்றன.

1943ஆம் ஆண்டிலிருந்து தொடங்குவோம். அமெரிக்காவில் வொரன் மக்கலொக் என்ற மூளை ஆய்வாளரும், இருபது வயதே ஆன வோல்ற்றர் பிற்ஸ் என்ற இளைஞரும் மூளையின் நரம்புக்கலத்தை ஓர் எளிய கணக்காகச் சுருக்கினார்கள். பல திசைகளிலிருந்து தூண்டல்கள் வந்து சேருகின்றன. அவற்றின் கூட்டுத்தொகை ஓர் எல்லையைத் தாண்டினால் கலம் விழித்துக்கொள்கிறது, இல்லையேல் வாளாவிருக்கிறது. உண்மையான நரம்புக்கலம் இதைவிடச் சிக்கலானதுதான். ஆயினும் ‘எல்லை’ என்ற அந்தக் கருத்து நிலைத்துவிட்டது.

அதே கருத்தை ஒரு முழு மனிதனுக்கும் பொருத்தலாம் அல்லவா? லெரொன் ஷுல்ற்ஸ், வெஸ்லி வைல்ட்மன் ஆகியோரும் அவர்களின் குழுவினரும் 2018இல் வெளியிட்ட ஆய்வில் ஏறக்குறைய இதையே செய்தார்கள். அந்த இருவரும் இறையியல் கற்றவர்கள் என்பது கவனிக்கத்தக்கது. கணனிக்குள் அவர்கள் இரண்டு சமயக் குழுக்களைக் குடியமர்த்தினார்கள். ஒவ்வொரு கற்பனை மனிதனுக்கும் ஆபத்தைத் தாங்கும் ஓர் எல்லை உண்டு. இயற்கை அனர்த்தம், கொடிய விலங்கு, தொற்றுநோய், மாற்றுக் குழுவினரின் அச்சுறுத்தல் ஆகியவை அவனை எதிர்கொள்கின்றன. எல்லை கடந்தால் அவன் பதற்றமடைகிறான். தன் குழுவை நாடிச் சடங்குகளில் ஒன்றுகிறான்.

மரண பயம் மனிதனைத் தன் பண்பாட்டை இறுகப் பற்றச் செய்கிறது என்ற எண்ணமே இதற்கு அடிப்படை. ஏர்னஸ்ட் பெக்கர் 1973இல் எழுதிய நூலிலிருந்து உளவியலாளர்கள் வளர்த்தெடுத்த கொள்கை அது.

விளைவு என்ன? இரு குழுக்களும் மாறி மாறி அச்சத்தை வளர்க்கும் நிலை எப்போதும் தோன்றவில்லை. குழுக்களின் அளவு 70க்கு 30 என்ற விகிதத்தைவிட நெருங்கியிருந்து, மற்றவரிடமிருந்து வரும் அச்சுறுத்தலும் தாங்கும் எல்லையைத் தொட்டபோதே பெரும்பாலும் அந்நிலை நீடித்தது. வட அயர்லாந்தில் கத்தோலிக்கருக்கும் புரட்டஸ்தாந்தருக்கும் இடையே மூன்று தசாப்தங்கள் நீடித்து, 3,500 உயிர்களைப் பலிகொண்ட மோதலையும், 2002ஆம் ஆண்டின் குஜராத் கலவரத்தையும் ஆய்வாளர்கள் கருத்திற் கொண்டிருந்தார்கள். இதை வாசித்தபோது நமது நாடும் என் நினைவுக்கு வராமலில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். கணனி எதையும் தானாகக் கண்டுபிடிப்பதில்லை. மனிதர் இப்படிப்பட்டவர் என்று நாம் எழுதிக் கொடுத்தால், அதிலிருந்து என்னென்ன விளையும் என்பதை மட்டும் சலிக்காமல் கணக்கிட்டுக் காட்டும். எழுதிக் கொடுத்தது பிழையென்றால் விடையும் பிழையே. கடவுள் உண்டா, இல்லையா என்ற வழக்கில் அது சாட்சியே அல்ல. தனித்திருந்து கண்ணீர் மல்கி வணங்கும் ஒருவரின் அனுபவமும் அதன் கணக்குக்குள் வருவதில்லை.

ஒரு நாவலாசிரியரும் இதைத்தானே செய்கிறார்? பாத்திரங்களுக்குக் குணம் கொடுத்து, சோதனைகளை எதிரே நிறுத்தி, நடப்பதைக் கவனிக்கிறார். ஆனால் நாவலாசிரியருக்கு ஒரு கதை போதும். கணனி அதே கதையை ஆயிரம் விதமாக நடத்திப் பார்க்கிறது. அவற்றுள் சமாதானமாக முடியும் கதைகளும் உண்டு.

எனக்கு ஆறுதல் தருவது அதுதான். அந்தக் கற்பனை ஊர்களில் வெறுப்பு மனிதரின் தலைவிதியாக இருக்கவில்லை. அச்சம் எல்லை கடந்த இடங்களிலேயே அது மூண்டது. பக்தர்களின் எண்ணிக்கையை எண்ணுவதைவிட, அயலவர் மனதில் நாம் எவ்வளவு அச்சத்தை விதைக்கிறோம் என்று எண்ணிப் பார்ப்பது பயனுள்ளது. அதற்குக் கணனி தேவையில்லை.